கோல்ஃப் ஜாம்பவான்களிடம் எதைக் கற்பது: ஸ்விங்கையா, முடிவெடுக்கும் விதத்தையா?

கெடிலக்கரை:

பெரிய கோல்ஃப் ஆட்டக்காரர்களின் ஸ்விங்கை, அதாவது மட்டையைச் சுழற்றும் விதத்தை, வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, முழங்கை எங்கே இருக்கிறது, இடுப்பு எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து, அதை நம் உடம்பில் ஏற்றப் பார்க்கிறோம். எப்போதாவது சென்னைக்குப் போய் 18 குழி ஆடிவிட்டு, மற்ற நாளெல்லாம் கடலூரிலும் புதுவையிலும் மொட்டைமாடி வலைக்குள் அடிக்கிறவர்களுக்கு இது பலன் தராது என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஸ்விங்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே இல்லை. ஜாக் நிக்லஸ் கிளப்பை (மட்டையை) பின்னே தூக்கும்போது இடது குதிகால் தரையை விட்டு எழும்பும். லீ ட்ரெவினோ இலக்குக்கு இடப்பக்கம் பார்த்து நின்று, பந்தை வலப்பக்கம் வளைத்து வளைத்தே 6 மேஜர் (மிகப் பெரிய போட்டிகள்) வென்றார். ஜிம் ஃப்யூரிக்கின் கிளப் மேலே போகிற வழி ஒன்று, கீழே வருகிற வழி வேறு. உச்சியில் ஒரு சுழற்று சுழற்றுவார். அந்த ஸ்விங்கை எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தர மாட்டார். 2016-ல் டிராவலர்ஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் அதே ஸ்விங்கால் 18 குழியையும் 58 அடியில் முடித்தார். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் 58 என்ற எண்ணைத் தொட்ட முதல் சுற்று அது.

ஒத்துப்போவது இரண்டு விஷயம்தான். பந்தைத் தொடும் கணத்தில் கிளப் முகம் எங்கே பார்க்கிறது. அடிப்பதற்கு முன் என்ன முடிவெடுத்தார்கள். முதலாவது பல்லாயிரம் பந்து அடித்தால் வருவது. இரண்டாவதை நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

நிக்லஸ் பந்துக்குப் பின்னால் நின்று, அது போகப்போகும் பாதையை மனத்துக்குள் முழுசாக ஓட்டிப் பார்ப்பார். பிறகு இலக்குக் கோட்டில், பந்துக்குச் சில அடி முன்னால் ஒரு காய்ந்த இலையையோ பழைய டிவட்டையோ (கிளப் புல்லைப் பெயர்த்த தடம்) குறித்துக்கொள்வார். கிளப் முகத்தை அந்தப் புள்ளிக்கு நேராக வைத்த பிறகே கால் வைப்பார். நாம் செய்வது தலைகீழ். முதலில் கால், பிறகு தோள், கடைசியில் கிளப். தோள் கொடியைப் பார்த்தபடி நின்றால் கிளப் முகம் கொடிக்கு வலப்பக்கம் பார்க்கும் (வலக்கைக்காரர்களுக்குச் சொல்கிறேன்). அதை உடம்பு உணர்ந்து, கீழே வரும்போது குறுக்கே இழுக்கும். பாதிப் பேருடைய ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவது) இங்கேதான் பிறக்கிறது. ஸ்விங்கில் கோளாறு தேடிப் பயனில்லை.

இப்படி நாளைக்கே எடுத்துக்கொள்ளக்கூடியவை உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

முத்தியால்பேட்டை:

கெடிலக்கரை சார், பாதி ஒத்துக்கிறேன். ஆனா கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடிக்கிற விதத்தை மட்டும் பார்த்துக் கத்துக்கத்தான் வேணும். யாரைப் பார்த்து என்பதுதான் கேள்வி.

பென் ஹோகனை எடுத்துக்குங்க. 9 மேஜர். 1949-ல் அவர் கார் மேல பஸ் மோதி, திரும்ப நடப்பாரான்னே தெரியாம இருந்த மனுஷன், 1950-ல் மெரியான்ல யு.எஸ். ஓப்பன் ஜெயிச்சார். 1953-ல் ஒரே வருஷத்துல மூணு மேஜர். அவரோட கிரிப்தான் சரின்னு சொல்றவங்க இன்னிக்கும் நிறைய. ஆனா ஹோகனுக்கு ஆரம்ப காலத்துல இருந்த வியாதி ஹூக். பந்து இடப்பக்கம் சுருண்டு ஓடும். அதைக் கட்டுப்படுத்தத்தான் இடது கையைக் கொஞ்சம் இடப்பக்கமா திருப்பிப் பிடிச்சார். நம்ம ஆட்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இருக்கிற வியாதி ஸ்லைஸ், அதாவது நேர் எதிர். ஹூக்குக்கான மருந்தை ஸ்லைஸ்காரர் சாப்பிட்டா கிளப் முகம் இன்னும் திறந்துக்கும். பந்து பக்கத்துக் குழியோட ஃபேர்வேக்கு (புல்பாதைக்கு) போகும்.

ஸ்லைஸ்காரங்க செய்ய வேண்டியது இது. கிளப்பை இடது கையால பிடிச்சுக் குனிஞ்சு பாருங்க. ரெண்டு, ரெண்டரை விரல்முட்டி தெரியணும். ஒண்ணுதான் தெரிஞ்சா கையை வலப்பக்கம் திருப்புங்க. ரெண்டு கையிலயும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல உண்டாகிற கோடு உங்க வலது தோளைக் காட்டணும். கிளப் உள்ளங்கையில படுக்கக் கூடாது, விரல்களின் அடியில படுக்கணும். உள்ளங்கையில பிடிச்சா மணிக்கட்டு மடங்காது, தூரம் போயிடும்.

வலது சுண்டுவிரலை இடது கை விரல்ல கோக்கிறதா, மேல வைக்கிறதான்னு சண்டை போடுறது வீண். நிக்லஸும் டைகர் வுட்ஸும் கோத்துப் பிடிச்சவங்க, ஹோகன் மேல வச்சுப் பிடிச்சவர். மூணு பேர் கையிலயும் கோப்பை இருக்கு.

இன்னொண்ணு. வலைக்குள்ள அடிக்கிறவங்களுக்குப் பந்து எங்க போச்சுன்னு தெரியாது. ஒயிட்போர்டு மார்க்கரால பந்தோட பின்பக்கம் ஒரு பொட்டு வச்சு, அந்தப் பொட்டு கிளப் பக்கம் இருக்கிற மாதிரி வச்சு அடிங்க. முகத்துல எங்க பட்டதுன்னு மை காட்டும். டிரைவர்ல (அதிக தூரம் அடிக்கிற கிளப்) முகத்தோட குதிகால் பக்கம், அதாவது தண்டுப் பக்கம், பட்டா பந்து வலப்பக்கம் வளையும், நுனிப் பக்கம் பட்டா இடப்பக்கம். ஸ்லைஸ்னு நினைச்சுக்கிட்டு ஸ்விங்கை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. பல சமயம் பந்துக்கு அரை அங்குலம் தள்ளி நின்னாலே சரியாயிடும்.

தேவனாம்பட்டினம்:

கடலோரத்தில் இருக்கிற நாம் முதலில் பேச வேண்டிய பெயர் செவே பாயெஸ்தெரோஸ். வட ஸ்பெயினில் பெத்ரேன்யா என்ற ஊர். பையனாக இருந்தபோது அவர் கையில் இருந்தது ஒரே ஒரு 3 அயர்ன், ஆடுகளம் கடற்கரை. 3 அயர்ன் பந்தைத் தாழ்வாக, தூரமாக அனுப்பச் செய்த கிளப். அதை வைத்து உயரமாக அடிக்க வேண்டுமானால் முகத்தைத் திறக்க வேண்டும், பந்தை முன்காலுக்கு நேராக வைக்க வேண்டும், மணிக்கட்டை முன்கூட்டியே மடக்க வேண்டும். கிளப் செய்யாததைக் கை செய்யப் பழகியது. 1979-ல் ராயல் லிதமில் பிரிட்டிஷ் ஓப்பன் கடைசிச் சுற்று, 16-வது குழி: பந்து கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றது. கார்கள் தடையாக இருந்ததால் தண்டனையில்லாமல் வேறிடத்தில் போட்டுக்கொள்ள விதி இடம் கொடுத்தது. அங்கிருந்து கிரீனுக்கு (குழியைச் சுற்றிய குறும்புல் தளம்) அடித்து பேர்டி, அதாவது குழிக்கு வகுத்த அடிக்கணக்கைவிட ஒன்று குறைவாக, எடுத்தார். 22 வயதில் கோப்பை. மொத்தம் 5 மேஜர்.

இதில் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒரே கிளப் பயிற்சி. 7 அயர்ன் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஸ்விங், இடுப்புவரை ஸ்விங், முழங்கால்வரை ஸ்விங் என்று மூன்று நீளம். ஒவ்வொன்றையும் பந்து நடுவில், பின்காலுக்குப் பக்கத்தில், முன்காலுக்குப் பக்கத்தில் என்று மூன்று இடத்தில் வைத்து அடியுங்கள். ஒன்பது விதமான பந்து வரும். பையில் 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. ஆனால் ஒரு கிளப்பில் ஒன்பது பந்து வைத்திருப்பவர்தான் மரத்தடியிலிருந்து வெளியே வருவார்.

ஈர மணல் இன்னொரு ஆசிரியர். புல்லில் பந்துக்குப் பின்னால் பட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு பந்தைத் தள்ளிவிடும், தவறு தெரியாது. கெட்டியான ஈர மணலில் அது நடக்காது. குச்சியால் இலக்குக்குக் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். பந்தே வேண்டாம். கோட்டின் மேல் பந்து இருப்பதாக நினைத்து ஸ்விங் செய்யுங்கள். மணலில் விழும் தடம் கோட்டிலோ, கோட்டைத் தாண்டி இலக்குப் பக்கமோ தொடங்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் தொடங்கினால் எடை பின்காலிலேயே தங்கிவிட்டது என்று பொருள். தொடக்கத்திலேயே எடையில் நூற்றுக்கு அறுபது பங்கை இடக்காலில் வைத்து, மார்பைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பாருங்கள். தடம் முன்னால் நகரும்.

நம் கரையில் ஓதம் ஒரு மீட்டர் அளவுக்குக்கூட ஏறி இறங்குவதில்லை. அதனால் கெட்டி மணல் பட்டை குறுகலாகத்தான் கிடைக்கும். சில்வர் பீச்சானாலும் வீராம்பட்டினமானாலும் படகு, வலை, குளிக்கிறவர்கள் இருக்கும் இடத்தில் கிளப்பை எடுக்கவே கூடாது. நிஜப் பந்து வேண்டாம், நுரைப்பந்து போதும். 46 கிராம் பந்து ஆள் மேல் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். மேட்டுப்பக்கக் காய்ந்த மணலைக் கிளறாதீர்கள். பழைய கிளப்பைக் கொண்டுபோய், வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

அரியாங்குப்பம்:

அண்ணே, அப்போ பங்கர்லயும் (மைதானத்து மணல் பள்ளம்) இதே மாதிரி எடை இடக்கால்லயா? பந்துக்குப் பின்னாடி மணலை அடின்னு சொல்றாங்க, இங்க முன்னாடி அடின்னு சொல்றீங்க. குழப்பமா இருக்கு.

தேவனாம்பட்டினம்:

எடை இடக்காலில்தான், தம்பி. மாறுவது பந்து இருக்கும் இடம். பங்கரில் பந்தை இடது குதிகாலுக்கு நேராகக் கொண்டுபோய்விடுகிறோம். ஆகவே கிளப் அதே இடத்தில் இறங்கினாலும் பந்துக்கு 5 செ.மீ. பின்னால் மணலில் புகும். மணல்தான் பந்தைத் தூக்கி வெளியே போடுகிறது.

மணலுக்கான சாண்ட் வெட்ஜ் கிளப்பின் அடிப்பாகம் பின்பக்கம் புடைத்திருக்கும், அதுதான் பவுன்ஸ். அது இருப்பதால் கிளப் மணலில் புதையாமல் வழுக்கும். இந்த வடிவத்தை ஜீன் சாரஸென் உருவாக்கி, 1932-ல் பிரிட்டிஷ் ஓப்பன் வென்றபோது பயன்படுத்தினார். முகத்தைத் திறந்தால்தான் பவுன்ஸ் வேலை செய்யும். முதலில் முகத்தைத் திறக்க வேண்டும், அதன் பிறகு பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு மணிக்கட்டைத் திருப்பித் திறந்தால் கீழே வரும்போது அது பழையபடி மூடிக்கொண்டு தோண்டிவிடும்.

பந்து வெளியே வராததற்கு முக்கியக் காரணம், மணலைத் தொட்டதும் நிறுத்திவிடுவது. கை முன்தோள் உயரத்துக்குப் போய் நிற்கும்வரை விடக் கூடாது. பங்கரில் பந்துக்கு முன்னும் பின்னும் உள்ள மணலை அடிப்பதற்கு முன் கிளப்பால் தொட்டால் தண்டனை. பயிற்சி ஸ்விங்கிலும் மணலைத் தொடக் கூடாது.

மழைக்குப் பிறகு மணல் இறுகியிருந்தால் சொன்னதை மாற்றுங்கள். பவுன்ஸ் கெட்டி மணலில் மோதித் துள்ளி, முனை பந்தின் வயிற்றில் படும். பந்து கிரீனைத் தாண்டிப் பறக்கும். பிட்சிங் வெட்ஜ் (பவுன்ஸ் குறைந்த வெட்ஜ்), முகம் நேராக, பந்துக்கு 2 செ.மீ. பின்னால், ஸ்விங் சின்னதாக.

உப்பளம்:

காற்றைப் பத்தி யாரும் பேசல. நம்ம பக்கம் காலையில நிலத்திலிருந்து கடலுக்கு, மதியத்துக்கு மேல கடலிலிருந்து நிலத்துக்கு. கோடையில மேல்காத்து (மேற்குக் காத்து) ஓய்ஞ்சு கடல்காத்து நுழையுற நேரத்துல திசையே மாறிடும். முதல் 9 குழியில எதிர்காத்தா இருந்தது அடுத்த 9-ல வேற ஆகிடும்.

கணக்கு இதுதான். மணிக்கு 16 கி.மீ. எதிர்காத்துன்னா தூரத்துல பத்து சதவீதம் கூட்டுங்க: 130 கஜம் 143 கஜம் ஆகும். அதே வேகம் பின்காத்துன்னா அஞ்சு சதவீதம்தான் குறைக்கணும். காத்து கொடுக்கிறது கொஞ்சம், எடுக்கிறது நிறைய.

எதிர்காத்துல எல்லாரும் செய்ற தப்பு பலமா அடிக்கிறது. பலமா அடிச்சா பின்சுழற்சி கூடும், பந்து மேல ஏறி நின்னு அங்கேயே விழும். ரெண்டு படி அதிக தூரம் போற கிளப் எடுத்து, ஒரு அங்குலம் கீழ இறக்கிப் பிடிச்சு, பந்தை ஒரு பந்து அகலம் பின்னாடி வச்சு, முக்கால் ஸ்விங். முடிக்கும்போது கை மார்பு உயரத்துலயே நிக்கட்டும். டாம் வாட்சன் 5 பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயிச்சது காத்து அடிக்கிற கடலோர மைதானங்கள்லதான். 2009-ல் டர்ன்பெரியில 59 வயசுல கூடுதல் ஆட்டம் வரைக்கும் போய் ஸ்டூவர்ட் சிங்க்கிட்ட தோத்தார். அந்த வயசுல பலம் எங்க இருக்கும்? காத்தை எதுத்துச் சண்டை போடாம ஆடுனதுதான்.

இன்னொரு தவறான நம்பிக்கை: புழுக்கமான காத்து கனமா இருக்கும், பந்து போகாதுன்னு. நீராவி காத்தைவிட லேசு. புழுக்கத்துல பந்து துளி கூடத்தான் போகும். போகலன்னா வேர்வையில கிரிப் வழுக்குது, உடம்பு சோர்ந்திருக்கு, அவ்வளவுதான்.

லாஸ்பேட்டை:

எல்லோரும் அடிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தியாவின் அதிதி அசோக்கை ஏன் யாரும் சொல்லவில்லை? 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காமிடம். ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் (அடியில்) வெண்கலம் தவறியது. டிரைவ் (முதல் அடி) தூரத்தில் அந்தக் களத்தில் மிகக் குறைந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுபோனது பட்டர், அதாவது கிரீனில் பந்தை உருட்டும் கிளப்தான். தூரம் இல்லாதவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும், நிக்லஸைவிட அதிதிதான் சரியான ஆசிரியர் என்பேன்.

குழியின் விட்டம் 108 மி.மீ. அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு 5.4 செ.மீ. 10 அடி தூரத்திலிருந்து பட் செய்யும்போது (உருட்டும்போது) பட்டர் முகம் ஒரு பாகை பிசகினால் பந்து 5.3 செ.மீ. விலகும். ஒரு பாகையோடு விளிம்பு வந்துவிட்டது. ஆகவே வீட்டில் செய்ய வேண்டியது முகத்தை நேராக்குவது. தரையில் பந்துக்கு ஒரு முழம் முன்னால், பந்தைவிட ஒரு விரல் அகலம் மட்டும் கூடுதலாக இடைவெளி விட்டு இரண்டு நாணயம் வையுங்கள். இரண்டையும் தொடாமல் பந்து நடுவில் போக வேண்டும். எப்போதும் வலது நாணயத்தில் பட்டால் முகம் திறந்திருக்கிறது, அல்லது பந்து அதிகம் பின்னால் இருக்கிறது.

மைதானத்தில் மூன்று பட் ஆவதற்குக் காரணம் திசை அல்ல, வேகம். நம் வெயில் ஊர்களில் கிரீனில் பெரும்பாலும் அறுகம்புல் இனத்து பெர்முடாதான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். பந்திலிருந்து குழியைப் பார்க்கும்போது புல் பளபளவென்று தெரிந்தால் சாய்மானம் குழியை நோக்கி. பந்து வேகமாக ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் எதிர்ச் சாய்மானம். பலமாக உருட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் குழியின் விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் வெட்டு கூராகவும் மறுபக்கம் பிய்ந்தும் இருக்கும். புல் பிய்ந்த பக்கம் நோக்கித்தான் சாய்கிறது. மாலையில் புல் வளர்ந்துவிடுவதால் காலையில் பழகிய வேகம் மாலையில் போதாது.

கிரீனுக்கு வெளியிலிருந்து சிப் (சிறு அடி) அடிப்பதற்கு நம் ஊரிலேயே நல்ல பாடம் இருக்கிறது. புதுவையில் பெத்தாங்க் என்ற இரும்புக் குண்டு ஆட்டம் ஆடுகிறவர்களைக் கவனியுங்கள். குண்டு எங்கே நிற்க வேண்டும் என்பதைவிட, எங்கே விழ வேண்டும் என்பதைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். சிப்பும் அதே கணக்கு. கிரீனுக்குள் ஒரு மீட்டர் தள்ளி ஒரு புள்ளியைத் தேர்ந்துகொண்டு, மீதித் தூரத்துக்கு ஏற்ற கிளப்பை எடுங்கள். சமதளத்தில் சாண்ட் வெட்ஜ் பறந்த அளவுக்கே உருளும், பிட்சிங் வெட்ஜ் இரண்டு மடங்கு, 8 அயர்ன் மூன்று மடங்கு. குழி மேட்டில் இருந்தால் ஒரு படி அதிக தூரம் போகும் கிளப்.

பாகூர்:

எல்லாம் சரி. ஆனால் இப்போது பலரும் மகிழ்ச்சிக்காக ஆடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, பிடிக்காத பந்தை மறுபடி அடிப்பது, இரண்டடி பட் மிச்சமிருக்கும்போதே பந்தை எடுத்துக்கொள்வது என்று ஆடுகிறார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். 1925 யு.எஸ். ஓப்பனில் பாபி ஜோன்ஸ் ரஃப்பில் (உயரப் புல்லில்) நின்றபோது பந்து அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. தானே தண்டனை ஸ்ட்ரோக்கைச் சேர்த்துக்கொண்டார். கூடுதல் ஆட்டத்தில் தோற்றார். 1930-ல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்று, 28 வயதில் போட்டியை விட்டவர், கடைசிவரை பணத்துக்கு ஆடாத அமெச்சூர். நாம் பின்பற்ற வேண்டியவர் அவர். எல்லா ஸ்ட்ரோக்கையும் எண்ண வேண்டும்.

கெடிலக்கரை:

பாகூர் ஐயா, நேர்மை பற்றி நீங்கள் சொன்னதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நேர்மையும் ஸ்ட்ரோக் எண்ணிக்கையும் ஒன்றல்ல. 1969-ல் அணிகள் மோதும் ரைடர் கோப்பையின் கடைசிக் குழியில், டோனி ஜாக்லினுக்கு மிச்சமிருந்த இரண்டு மூன்றடி தூர பட் அடியை நிக்லஸ் தாமாகவே விட்டுக்கொடுத்தார். ஆட்டம் 16–16 என்று சமன். அது மேட்ச் பிளே, குழிக்குக் குழி வெற்றி எண்ணும் ஆட்டம். எதிராளி விட்டுக்கொடுக்க விதியே இடம் தருகிறது. தனக்குத் தானே விட்டுக்கொடுப்பதுதான் தவறு.

ஒரு குழியில் 10 அடித்துவிட்டு மீதிச் சுற்றை வெறுப்போடு நடக்கிறவர்களுக்கு ஸ்டேபிள்ஃபோர்ட் முறை இருக்கிறது. 1932-லிருந்து இங்கிலாந்தில் புழக்கத்தில் உள்ள நேர்மையான முறை. ஹேண்டிகேப் (திறனுக்கேற்பக் கிடைக்கும் ஸ்ட்ரோக் சலுகை) கழித்த பிறகு பாருக்கு (குழிக்கு வகுத்த அடிக்கணக்கு) 2 புள்ளி, போகிக்கு (ஒன்று கூடுதல்) 1, பேர்டிக்கு 3, ஈகிளுக்கு (இரண்டு குறைவு) 4; டபுள் போகியோ அதற்கு மேலோ என்றால் பூஜ்யம். உதாரணமாக ஹேண்டிகேப் 24 என்றால் எல்லாக் குழியிலும் ஒரு ஸ்ட்ரோக், கடினமான 6 குழிகளில் இரண்டு. புள்ளி வாய்ப்புப் போனதும் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். ஒரு மோசமான குழி 2 புள்ளியை மட்டும்தான் கொண்டுபோகும். பின்னால் வருகிறவர்களும் காத்திருக்க வேண்டாம்.

முதல் அடி அடிக்கும் இடமான டீயையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். உங்கள் 5 அயர்ன் சராசரித் தூரத்தை 36-ஆல் பெருக்குங்கள். 140 கஜம் என்றால் 5,040 கஜம். அதற்கு நெருக்கமான டீயில் ஆடுங்கள். பின் டீயில் நின்று ஒவ்வொரு பார் 4-க்கும் இரண்டு மர கிளப் அடிப்பது எந்த ஜாம்பவானும் ஆடாத ஆட்டம்; அவர்கள் இரண்டாவது அடிக்கு அயர்ன் எடுக்கிறார்கள். முன் டீக்கு வந்தால்தான் நமக்கும் அந்த முடிவுகள் எடுக்க வாய்ப்பு கிடைக்கும்.

பாகூர்:

ஸ்டேபிள்ஃபோர்ட் என்றால் சரி. ஹேண்டிகேப்புக்கு ஸ்கோர் பதிவதும் தடைபடாது. ஆனால் அப்போதும் தண்டனை ஸ்ட்ரோக், பந்து தேட 3 நிமிடம், எல்லாம் விதிப்படி இருக்க வேண்டும்.

அரியாங்குப்பம்:

லாஸ்பேட்டை அக்கா, நாணயம் வச்சுப் பார்த்தா வலது பக்கம்தான் படுது. பந்தை முன்னாடி நகர்த்துறேன். இன்னொரு கேள்வி: வெட்ஜ் முகத்துல பழுப்பா துரு வருது. கெட்டுப்போச்சா? கிளவுசும் ரெண்டு ஆட்டத்துல காஞ்சு அட்டை மாதிரி ஆகிடுது.

முத்தியால்பேட்டை:

கெடல தம்பி. குரோம் பூசாத வெட்ஜ்னா துரு வரும், ஆட்டத்துக்குப் பாதிப்பு இல்ல. ஆனா பூச்சு இருக்கிற கிளப்ல புள்ளி புள்ளியா துரு வந்தா உப்புக்காத்து உள்ள இறங்குதுன்னு அர்த்தம். ஆட்டம் முடிஞ்சதும் பழைய பல் பிரஷ்ஷால கோடுகள்ல இருக்கிற மண்ணை எடுத்து, ஈரம் போகத் துடைச்சு, தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு துணியில விட்டுத் தடவுங்க. அடுத்த தடவை அடிக்கிறதுக்கு முன்னாடி அந்த எண்ணெயைத் துடைச்சிடணும், இல்லன்னா பந்து சுழலாது. ஈரமான உறையை மாட்டி வைக்காதீங்க. கிளப்பை வெயில்ல நிக்கிற கார் டிக்கியிலயும் விடாதீங்க, தலையையும் தண்டையும் ஒட்டியிருக்கிற பசை சூட்டுல இளகும்.

கிளவுஸ் ரெண்டு வச்சுக்கிட்டு மூணு குழிக்கு ஒரு தடவை மாத்துங்க. கழட்டினதைச் சுருட்டிப் பையில திணிக்காம, விரிச்சுப் பைக்கு வெளியில மாட்டுங்க. நிழல்லதான் காயணும். கிரிப் ரப்பரை மாசம் ஒரு தடவை பாத்திரம் விளக்குற சோப்புத் தண்ணியில கழுவுங்க. வேர்வைப் பிசுக்கு போனாலே பாதி வழுக்கல் போயிடும்.